பள்ளிக்குப் போக மறுக்கும் ஆட்டிசம் குழந்தை: வாசல் கேட்டிலிருந்து வகுப்பறை வரை ஒரு முழு வழிகாட்டி

காலை 7.40க்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும். ஆட்டிசம் உள்ள எங்கள் பெரியவன் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, அந்தச் சத்தம் கேட்டதும் வாசல் கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு காலில்தான் ஷூ இருந்தது. அவன் அப்பா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தூக்கிக்கொண்டு போய் வேனில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தியது நான். சாயங்காலம் திரும்பி வந்தபோது சட்டைக் காலரைக் கடித்துக் கடித்துப் பிய்த்திருந்தான். மூன்று நாள் இப்படியே அனுப்பினோம். நான்காம் நாள் அவன் படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை.

அவன் மறுபடி முழு நாள் வகுப்பில் உட்கார ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் செய்த தவறுகளையும், பிறகு சரியாகச் செய்தவற்றையும், அதன்பின் அவிநாசி, பல்லடம், கோபி, பொள்ளாச்சி பக்கத்துப் பெற்றோர்கள் பலரோடு பேசித் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள், சிகிச்சை நிபுணர் இல்லை. இன்று காலை உங்கள் வீட்டு வாசலில் இதே காட்சி நடந்திருந்தால், முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை இவை.

இது அடம் இல்லை

பள்ளியைக் கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் செய்வான். சீருடை போட்டுக் கிளம்பி வேறு எங்கோ போவான். இந்தப் பிள்ளை எதையும் மறைப்பதில்லை. வீட்டில்தான் இருக்கிறான், எல்லோருக்கும் தெரிகிறது, அவனும் சேர்ந்துதான் வேதனைப்படுகிறான். ஞாயிறு மதியத்திலிருந்தே வயிற்றுவலி, இரவில் தூக்கம் இல்லை, காலையில் வாந்தி. வேன் போனதும் வலி குறைந்துவிடும். உடனே "பார், நடிக்கிறான்" என்பார்கள். பயத்தில் வரும் வயிற்றுவலி நிஜமான வலி. பயம் போனால் வலியும் போகும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது எவ்வளவு சாதாரணம் என்று எனக்கு அப்போது தெரியாது. நார்வேயில் 9 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களை 20 பள்ளி நாட்கள் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் 42.6 சதவீதம் பேரிடம் பள்ளி மறுப்பு இருந்தது. மற்றப் பிள்ளைகளிடம் 7.1 சதவீதம். அங்குள்ள பள்ளிகளிலேயே அப்படி. நாற்பது ஐம்பது பேர் உட்காரும் வகுப்பு, ஒலிபெருக்கி வைத்த பிரேயர், மைதானத்தில் வரிசை, மதியச் சாப்பாட்டு வாசனை என்று நம் பள்ளிகள் நடக்கும் விதத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுதல் ஆகியவற்றை இவர்கள் உணரும் அளவு வேறு. 2013இல் ஆட்டிசத்தின் மருத்துவ வரையறையிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் இவர்களுக்கு நிலை கொள்ளாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பள்ளி நாளுக்குள் வைத்தால் எங்கோ ஓர் இடத்தில் முறியும். அந்த இடத்துக்கு ஒரு விலாசம் இருக்கும்: இந்த அறை, இந்த நேரம், இந்தச் சத்தம், இந்த ஆள். அந்த விலாசத்தைக் கண்டுபிடிக்காமல் பிள்ளையைத் திரும்ப அனுப்ப எந்த வழியும் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். பரிசு, அடி, கெஞ்சல், கவுன்சலிங் எதுவும் அதற்கு ஈடாகாது.

வேன் வந்து நிற்கும் அந்த நிமிடம்

தூக்கிப் போட்டு அனுப்பாதீர்கள். வேனைப் போகச் சொல்லுங்கள். பிள்ளையிடம் ஒரே வாக்கியம் போதும்: "இன்னைக்குப் போக வேண்டாம் சாமி, என்னன்னு அம்மா பாக்கறேன்." அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி. "ஏன், என்ன ஆச்சு, யார் அடிச்சா" என்று கேட்கத் தோன்றும். அந்த நேரத்தில் அவனால் பதில் சொல்ல முடியாது. நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குக்கூட அந்த நேரத்தில் பேச்சு வராது. மின்விசிறி, விளக்கு, டிவி எது தொந்தரவோ அதை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணில் படுகிற தூரத்தில் உட்காருங்கள். கையை உதறினால் உதறட்டும், முன்னும் பின்னும் ஆடினால் ஆடட்டும். தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற வழி அது.

"நாளைக்காவது போவியா?" என்று அன்று இரவு கேட்காதீர்கள். கேட்டால் அன்றும் தூக்கம் போய்விடும். மாறாக, ஒன்று அல்லது இரண்டு வாரம் விடுப்பு என்று நீங்களே முடிவு செய்து அவனிடம் சொல்லிவிடுங்கள். காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். பள்ளிக்கும் தேதி போட்டு எழுத்தில் விடுப்புக் கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதையும் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

ஒரு நாள் விட்டால் இனி போகவே மாட்டான் என்கிற பயம் எல்லா அப்பா அம்மாவுக்கும் உண்டு. அதில் பாதி உண்மை. வீட்டில் இருக்கும் நாள் நீள நீளத் திரும்புவது கடினமாகத்தான் ஆகும். அதனால் இந்த இரண்டு வாரத்தை நமக்கான வேலை நாட்களாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையில் முதலாவது டாக்டர். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, தூக்கக் குறைவு, சிறு வலிப்பு ஆகியவற்றை இந்தப் பிள்ளைகள் "வலிக்கிறது" என்று சொல்லாமல் நடத்தையில் காட்டுவார்கள். குழந்தை மருத்துவரிடம் முழுதாகப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்பது. உடம்பில் காயம், உள்ளாடையில் கறை, குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டால் உறைந்து போவது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது என்று ஏதாவது கண்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். அந்த நிலையில் பள்ளிக்குத் திரும்புவதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் நாட்கள்

எழும் நேரம், குளியல், சாப்பாடு மாறாமல் இருக்கட்டும். முதல் வாரம் பாடம் வேண்டாம். இரண்டாம் வாரம் அவனுக்குப் பிடித்த ஒன்றை 20 நிமிடம் செய்யலாம். எங்கள் வீட்டில் அது பஸ் டைம்டேபிளைப் பார்த்து எழுதுவது. வீட்டைக் கசப்பாக்கினால் பள்ளிக்கு ஓடிவிடுவான் என்று சிலர் டிவியைப் பிடுங்கி, பேசாமல் இருந்து பார்க்கிறார்கள். அதில் நடப்பது ஒன்றுதான்: பிள்ளைக்குத் தப்பிக்க ஓர் இடமும் இல்லாமல் போகும்.

போன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். முதல் வாரம் போனுக்காகச் சண்டை போட வேண்டாம். நெருக்கடியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரே வீடியோவை நூறு முறை பார்ப்பதும் ஆறுதல்தான். இரண்டாம் வாரத்திலிருந்து நேரத்தை எழுதி ஒட்டி, அந்த நேரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் யார் இருப்பது? எங்களுக்கு நம்பியூரிலிருந்து அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வந்து இரண்டு மாதம் இருந்தார். நான் சாயங்கால அரை ஷிஃப்டை விட்டேன், வருமானம் குறைந்தது. இதற்குச் சுலபமான வழி இருப்பதாகச் சொன்னால் அது பொய்.

விலாசத்தைத் தேடுவது

நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தை எடுத்து, ஒரு தாளுக்கு ஓர் இடம் என்று பள்ளி நாளை வரைந்தேன். வீட்டு வாசல், வேன், பள்ளி கேட், பிரேயர் மைதானம், வகுப்பு, இண்டர்வெல், கழிப்பறை, சாப்பிடும் இடம், கை கழுவும் குழாய், பி.டி. பீரியட், கம்ப்யூட்டர் அறை, திரும்பும் வேன். என் படங்கள் அழகாக இல்லை. அவனுக்குப் புரிந்தது, அது போதும். சுவரில் வரிசையாக ஒட்டினேன். பிறகு இரண்டு பாக்கெட் ஒட்டுப் பொட்டு கொடுத்தேன், சிவப்பும் பச்சையும். "பிடிக்காத இடத்துல சிவப்பு, பரவால்லைன்னா பச்சை." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பக்கத்தில் நின்றால் என் முகத்தைப் பார்த்துத்தான் ஒட்டுவான்.

வேனில் ஒரு சிவப்பு. பிரேயரில் இரண்டு. கழிப்பறையில் மூன்று. கம்ப்யூட்டர் அறை பச்சை. வகுப்புத் தாளில் மட்டும் மீதி இருந்த சிவப்பு முழுவதையும் ஒட்டியிருந்தான். அவற்றை அவன் ஒட்டியிருந்தது டீச்சர் மேலும் இல்லை, கரும்பலகை மேலும் இல்லை, பக்கத்துப் பையன் மேலும் இல்லை. தாளின் மேல் ஓரத்தில், நான் ஒன்றுமே வரையாத வெற்று இடத்தில்.

அதற்கு முன் சில வாரமாக அவன் "தலைல தட்டுது, தலைல தட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். யார் தட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். டீச்சர் மேல் சந்தேகப்பட்டோம். கண் டாக்டரிடம்கூடக் கூட்டிப் போனோம். பொட்டைப் பார்த்த பிறகு தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை அவனுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசை, சுவர் ஓரம். ஃபேனைப் போடச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. கம்பியின் உச்சியில் இருக்கும் மூடி தளர்ந்து போய் ஆடிக்கொண்டிருந்தது. ஜூனில்தான் அந்த அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாளெல்லாம் அவன் தலைக்கு மேல் ஒன்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் சொன்னது சத்தியமான வார்த்தை. அதை வேறு மாதிரிக் கேட்டது நாங்கள். மூடியை மேலே தள்ளி ஸ்குரூவை முடுக்க எலக்ட்ரீஷியனுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

ஃபேன் மட்டும்தான் காரணம் என்றால் அடுத்த நாளே போயிருப்பான். போகவில்லை. கழிப்பறைத் தரை ஈரம், நாற்றம்; அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான். பிரேயர் வரிசையில் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றிருக்கிறான். பெரும்பாலும் இப்படித்தான், ஒன்று பெரிதாகவும் நாலைந்து சிறிதாகவும் சேர்ந்திருக்கும்.

பேசாத பிள்ளைக்கு வரைபடத்துக்குப் பதில் போட்டோ காட்டுங்கள். எந்தப் போட்டோவைத் தள்ளுகிறான், எதைப் பார்த்ததும் காதைப் பொத்துகிறான் என்று பாருங்கள். கூடவே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தக் கிழமை மோசம், சீருடையைப் பார்த்ததும் மாறுகிறதா, ஷூவைப் பார்த்ததுமா, வேன் சத்தத்திலா. வியாழக்கிழமை மட்டும் மோசம் என்றால் வியாழனின் டைம்டேபிளைப் பாருங்கள்.

மற்ற வீடுகளில் கண்டுபிடித்தவை சிலவற்றைச் சொல்கிறேன், உங்களுக்குத் தேட உதவும். பாலியஸ்டர் சீருடையின் கழுத்து லேபிள். வழக்கமான டீச்சர் பிரசவ விடுப்பில் போனது. கணக்குக்கு அடுத்த பீரியட் சொல்லாமல் மாறுவது. பக்கத்துப் பெஞ்சுப் பையனை டீச்சர் திட்டியது. திட்டு தனக்குத்தான் என்று பல பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சாதம் மட்டுமே கொண்டு போகிற பெண்ணைத் தினமும் கேலி செய்தது. சுதந்திர தினத்துக்கு பேண்ட் வாத்தியப் பயிற்சி. இண்டர்வெல்லில் என்ன செய்வது என்று தெரியாமல் தனியாக நிற்பது. பாட நேரத்தைவிட விளையாட்டு நேரத்துக்குப் பயப்படுகிற பிள்ளைகள் நிறைய.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமைதியாக, மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்துகொண்டு இருப்பதால் அவர்களுக்கு ஆட்டிசம் இருப்பதே பல வருடம் தெரியாது. ஆறாம், ஏழாம் வகுப்பில், பெரும்பாலும் வயதுக்கு வரும் சமயத்தில், திடீரென்று பள்ளி வேண்டாம் என்பார்கள். சீர், ஒறம்பரை (உறவினர்), கூட்டம், அதன்பின் பள்ளிக் கழிப்பறையில் நாப்கின் மாற்றுவது எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். "இத்தனை வருஷம் நல்லாத்தானே போனா" என்று சொல்வதற்கு முன், அத்தனை வருடம் எவ்வளவு சிரமப்பட்டுப் போனாள் என்று யோசித்து, மனநல மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

பள்ளியோடு பேசுவது

"ஏனுங்கம்மா, இங்க வந்தா நல்லாத்தானுங்க இருக்கான். வீட்லதான் ஏதோ." இதை நீங்களும் கேட்பீர்கள். டீச்சர் பொய் சொல்லவில்லை. பல பிள்ளைகள் பள்ளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் மாதிரி இருந்துவிட்டு, வீட்டுப் படியேறியதும் உடைவார்கள். வீட்டில் உடைவதால் வீடு காரணம் என்று ஆகாது. கோபப்படாமல் இதை விளக்குங்கள். சாயங்காலம் 5 மணிக்கு அவன் எப்படி இருக்கிறான் என்பதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, வகுப்பாசிரியருக்கு மட்டும் காட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது.

கேட்கிறபோது சின்னதாக, செலவில்லாததாக, எழுதிக் கேளுங்கள். எங்கள் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகனுக்கு ஆட்டிசம் உள்ளது. மருத்துவச் சான்று இணைத்துள்ளோம். அவன் பள்ளிக்குத் திரும்பக் கீழ்க்கண்ட உதவிகளை வேண்டுகிறோம். பிரேயர் முடிந்த பின் 9.45க்கு வகுப்புக்கு வர அனுமதி. ஃபேனுக்குக் கீழ் இல்லாத, கதவோரம் உள்ள இருக்கை. வகுப்பு நேரத்தில் ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி. அன்றைய பீரியட் மாற்றம் இருந்தால் காலையிலேயே அவனிடம் சொல்லுதல். போதும் என்று அவன் அட்டையைக் காட்டினால் நூலகத்தில் பத்து நிமிடம் உட்கார அனுமதி. நான்கு வாரம் கழித்து மீண்டும் சந்தித்துப் பேச நேரம் தர வேண்டுகிறோம்."

பெரும்பாலான டீச்சர்கள் இவ்வளவுதானா என்பார்கள். எங்களுக்கும் வகுப்பாசிரியர் அப்படித்தான் சொன்னார். ஆனால் அலுவலகத்தில், "டி.சி. வாங்கிக்குங்க, உங்க பையனுக்கு வேற மாதிரி ஸ்கூல்தான் செட் ஆகும்" என்று நேராகச் சொன்னார்கள். அன்று நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சட்டம் தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்து, பிள்ளைக்கு வேண்டிய நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாட்டுச் சான்று உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம்.

இவற்றை முதல் சந்திப்பிலேயே எடுத்து வீச வேண்டாம். தினமும் அந்த வகுப்பில் நம் பிள்ளையோடு இருக்கப் போவது அந்த டீச்சர்தான், அவர் மனம் நம் பக்கம் இருக்க வேண்டும். டி.சி. என்ற வார்த்தை வந்தால் மட்டும், "எழுத்துல குடுங்க சார்" என்று அமைதியாகக் கேளுங்கள். பிறகு நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எழுத்தில் தரவில்லை. அதன்பின் அந்தப் பேச்சும் வரவில்லை.

படிப்படியாகத் திரும்புவது

சாயங்காலம் 5 மணி. பள்ளி விட்டாயிற்று, ஆள் இல்லை. சீருடை இல்லாமல் ஸ்கூட்டியில் போய், பள்ளி கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். முதல் வாரம் அவ்வளவுதான். இரண்டாம் வாரம் இறங்கி உள்ளே நடந்தோம். மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை வகுப்பறைக்குப் போய் ஃபேனைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டான். "தட்டல" என்றான்.

அதற்குப் பிறகு வகுப்பாசிரியரைத் தனியாகப் பத்து நிமிடம் சந்தித்தான். அடுத்தது ஒரே ஒரு பீரியட், அவனுக்கு மிகவும் பிடித்த கம்ப்யூட்டர். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். 11 மணிக்குக் கூட்டிப் போவேன் என்று சொன்னால் 11க்கே நிற்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் ஒரு பீரியட் இருக்கட்டுமே என்று டீச்சர் சொல்வார், நமக்கும் ஆசை வரும். கூடாது. நன்றாக இருக்கும்போதே கூட்டி வந்தால்தான் மறுநாள் வருவான்.

பிறகு இரண்டு பீரியட், பிறகு மதியம் வரை. மதியச் சாப்பாடு எங்களுக்குக் கடைசிப் படிக்கு முந்தையது, வேன் கடைசிப் படி. உங்கள் பிள்ளைக்கு வரிசை வேறாக இருக்கும். எங்கே பச்சைப் பொட்டோ அங்கே தொடங்கி, சிவப்பு அதிகமான இடத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு படியில் மூன்று நான்கு நாள் பதற்றமில்லாமல் போன பிறகுதான் அடுத்த படி. சறுக்கினால் ஒரு படி மட்டும் கீழே வாருங்கள்.

'போதும்' அட்டையைப் பற்றி: பழைய ஏ.டி.எம். கார்டு அளவில் மஞ்சள் அட்டையை லேமினேட் செய்து, பென்சில் பாக்ஸில் வைத்தோம். காட்டினால் டீச்சர் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்ப வேண்டும், "இப்பத்தானே போனே" என்று சொல்லக் கூடாது. முதல் வாரம் நாலு முறை காட்டினான். பிறகு அது பாக்ஸில் இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துக்கொள்வதோடு சரி.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் எல்லாம் சரிந்தது. அக்டோபரில் மறுபடி கேட் வரை, உள்ளே நடை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது தெரிந்ததை அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்: ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் இது நடக்கும். காலாண்டு, அரையாண்டு, பொங்கல், ஊர் நோம்பி (திருவிழா) என்று காலண்டரில் முன்னாடியே குறித்து வைத்து, விடுமுறையின் கடைசி மூன்று நாளும் சாயங்காலம் ஸ்கூட்டியில் கேட் வரை போய் வாருங்கள். ஆண்டு விழா ஒத்திகை நடக்கும் வாரங்களில் மதியத்தோடு கூட்டி வர முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உறவும் ஊரும்

"நாலு சாத்து சாத்துனா சரியாப் போயிரும்", "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே", "ஹாஸ்டல்ல போட்டா வழிக்கு வந்துருவான்". மூன்றாவது பேச்சுக்கு மட்டும் கடுமையாகவே பதில் சொல்லுங்கள். வீட்டிலிருந்து போய் வருகிற பள்ளியையே தாங்க முடியாத பிள்ளையை, விடியற்காலைப் படிப்பிலிருந்து இரவு வரை கூட்டத்துக்குள் பூட்டி வைப்பது கொடுமை. வேலூர், திருச்செங்கோடு என்று ஊர் பெயர் சொல்லி விசாரித்து வருகிற சித்தப்பாக்களுக்கு நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன்.

கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது, எங்கள் அப்பாரு (தாத்தா) தினமும் பூசிவிடுவார். ஆனால் மந்திரிக்கிறேன் என்று உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே உட்கார வைப்பதும், ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து என்று விற்பதை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அப்படி ஒரு மருந்து கிடையாது.

அரசாங்கத்தில் கிடைப்பவை

சான்றிதழ் இல்லாவிட்டால் முதலில் அதை வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பரிசோதனை தொடங்கும். 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார்கள். பிள்ளையின் மோசமான நாளையும் சொல்லுங்கள்; டாக்டர் முன்னால் நாம் கூச்சப்பட்டு, "எல்லாம் செய்வான்" என்று சொன்னால் சதவீதம் குறையும். அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு வார்த்தை இருக்கும். ஆட்டிசத்தைத்தான் அப்படி எழுதுகிறார்கள். என் மகன் புற உலகத்தை என்னைவிட அதிகமாகக் கேட்கிறவன், அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. சான்றும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் (யு.டி.ஐ.டி.) வந்தால் பேருந்துச் சலுகை முதல் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போங்கள். அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியும் இந்த மையம் மூலம்தான். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாமல், திரும்பும்வரை பிடித்துக்கொள்ளும் கைப்பிடியாக எடுத்துக்கொள்வது நல்லது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் அவிநாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விப் படிப்பு நடக்கிறது. தனியாகச் சிறப்பாசிரியர் தேடுகிறவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உண்டு, தெரபிச் செலவும் இதில் அடங்கும். பள்ளி பற்றிய புகாருக்கும் சந்தேகத்துக்கும் 14417 என்ற உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு, அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உங்கள் விடுப்புக் கடிதம், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் இங்கேதான் உதவும்.

அந்தப் பள்ளியே ஒத்து வராவிட்டால்

நான்கைந்து மாதம் முயன்றும் பள்ளி ஒரு சின்ன மாற்றம்கூடச் செய்யவில்லை என்றால், பிள்ளையை மாற்றச் சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் பள்ளியை மாற்றுங்கள். பெரிய பெயர் வேண்டாம். ஒரு வகுப்பில் இருபது பேர் இருக்கிற பக்கத்து அரசுப் பள்ளி பல பிள்ளைகளுக்கு ஒத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். மைதானத்தில் நிழல், சத்தம் குறைவு, பிள்ளையின் பெயர் தெரிந்த டீச்சர். வளர்ந்த பிள்ளைகளுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

தன்னையே அடித்துக்கொள்வது, கடித்துக்கொள்வது, பல நாள் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, செத்துப்போகிறேன் என்று சொல்வது இவற்றில் எது இருந்தாலும் இந்தப் படிகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் (டெலிமனஸ்) தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். பதற்றத்துக்கு மருந்து எழுதினால் பயப்படாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். பதற்றம் குறைந்தால்தான் சில பிள்ளைகளுக்கு முதல் படியிலேயே கால் வைக்க முடியும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை முழு நாள் இருந்தான். இப்போது ஐந்தாம் வகுப்பு. வேனில் முன் சீட், ஹாரன் அடிக்காமல் வேன் அண்ணன் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்புக்குப் புதிய தாள்கள் வரைகிறோம். இந்த வருடம் அவனே காலண்டர் தாளைக் கிழித்து எடுத்து வந்து, பொட்டு பாக்கெட்டைக் கேட்டான். சிவப்பு இரண்டுதான். ஒன்று கழிப்பறையில். இன்னொன்றை நூலகத்துத் தாளில் ஒட்டியிருக்கிறான், எதற்கென்று இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.